வன்னியைச் சைக்கிளில் சுற்ற: வவுனியாவிலிருந்து வட்டுவாகல் வரை

வட இலங்கையின் வன்னியில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. வவுனியாவிலிருந்து வடக்கே நிலம் கடலை நோக்கி மெல்லச் சரிந்துகொண்டே போகிறது. பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு சைக்கிளே தொடாதவர்கூட, வருவதற்கு முன் ஒரு மாதம் பழகினால் இங்கே நாளுக்கு 50 கிலோமீற்றர் ஓடலாம். இங்கே ஆளை மடக்குவது வெயிலும் காற்றும் முள்ளும்தான். அதைவிடக் கவனம் வேண்டியது வீதியை விட்டு இறங்கும் இடத்தில்.

பாதை இதுதான். வவுனியாவிலிருந்து ஏ9 வீதியில் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி வழியாகக் கிளிநொச்சி, ஏறத்தாழ 75 கிலோமீற்றர். பிறகு பரந்தனில் கிழக்கே திரும்பி ஏ35 வீதியில் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் கடந்து முல்லைத்தீவு. இது 50 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. திரும்புவது ஏ34 வீதியில் முள்ளியவளை, ஒட்டுசுட்டான் வழியாக மாங்குளம், ஏறத்தாழ 50. குளங்களுக்கும் கோயில்களுக்கும் ஒதுங்கிப் போகும் தூரத்தையும் சேர்த்தால் ஐந்து நாள் தாராளமாக வேண்டும். மூன்று நாளில் முடிக்கலாம்தான், ஆனால் வீதியை மட்டும்தான் பார்ப்பீர்கள்.

ஏ35 வீதியைப் பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கியே ஓடுங்கள், காற்று எந்தப் பக்கம் வீசினாலும். இறுதிப் போரில், 2009 ஜனவரி 2ஆம் தேதி கிளிநொச்சி இராணுவத்தின் கைக்குப் போனபின் சனம் இடம்பெயர்ந்த திசை அது. ஜனவரியில் சனத்துக்கென்று அரசு அறிவித்த முதல் பாதுகாப்பு வலயம் சுதந்திரபுரம், உடையார்கட்டுப் பக்கம், இந்த வீதியோடு இருந்தது. பெப்ரவரியில் அறிவிக்கப்பட்ட இரண்டாவது, நந்திக்கடல் களப்புக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் திட்டு. மே மாதத்தில் எஞ்சிய சனம் வட்டுவாகல் பாலத்தால் வெளியே வந்தது. வாகனத்தில் ஒரு மணித்தியாலத்தில் கடந்துவிடும் இந்தத் தூரத்துக்கு அந்தச் சனத்துக்கு மாதக்கணக்கில் எடுத்தது. பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்தபடி அதே ஒழுங்கில் போனால்தான், செய்திகளில் கேட்ட ஊர்ப்பெயர்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு கிட்ட இருக்கின்றன என்பது விளங்கும்.

எப்போது வரலாம்

பெப்ரவரி, மார்ச் மிக நல்லது. மாரி ஓய்ந்து, குளங்கள் நிறைந்து, பறவைகள் நிற்கும் காலம். புலம்பெயர்ந்தவர்களில் அனேகம்பேருக்குக் கிடைப்பதோ யூலை, ஓகஸ்ட் அல்லது டிசம்பர். டிசம்பரில் சைக்கிளை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஒக்ரோபரிலிருந்து டிசம்பர் கடைசி வரை வடகீழ் மழை. குளங்கள் வான் பாயும்போது உள் வீதிகளின் மதகுகளுக்கு மேலால் தண்ணீர் ஓடும். 2018 டிசம்பர் 21, 22இல் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் ஒரே இரவில் வெள்ளத்தில் மூழ்கின. முழங்காலுக்குக் கீழே ஓடும் தண்ணீர் என்றாலும், பொதி ஏற்றிய சைக்கிளைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். இறங்கி உருட்டிக்கொண்டும் கடக்க வேண்டாம், திரும்பிப் போங்கள்.

யூலை, ஓகஸ்டில் வரட்சியும் தென்மேற்குக் காற்றும். காலை ஒன்பது பத்து மணிக்குப் பிறகு காற்று ஏறி, பின்னேரம் வரை விடாது. பரந்தன்–முல்லைத்தீவுப் பாதையில் இது பக்கக்காற்று, தாங்கலாம். முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் திரும்பும்போது நேர் எதிர்காற்று. அன்றைக்கு விடிந்ததும் புறப்பட்டு பத்து மணிக்குள் ஒட்டுசுட்டானைத் தாண்டிவிடுங்கள். அதற்கப்பால் காடு காற்றை மறைத்துக்கொள்ளும். பெப்ரவரியில் வாடைக் காற்று, அதே வீதியில் முதுகைத் தள்ளும்.

எந்த மாதமானாலும் ஒரே நேர அட்டவணைதான்: விடியற்காலை ஆறு மணியிலிருந்து பதினொரு மணி வரை ஓட்டம், மூன்றரை வரை நிழல், ஐந்தரைக்குள் தங்குமிடம்.

சைக்கிள்: கொண்டு வருவதா, இங்கே வாங்குவதா

உங்கள் சைக்கிளைக் கொண்டு வந்தால் 40 மில்லிமீற்றர் அகல ரயராவது போடுங்கள். 75 கிலோ எடையுள்ளவருக்குக் காற்றழுத்தம் கார்பெட் வீதியில் 45 பி.எஸ்.ஐ., கிறவல் வீதியில் 35 போதும். 700சி அளவு ரயரும் ரியூப்பும் வன்னிக் கடைகளில் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். மூன்று ரியூப், ஒரு மடிப்பு ரயர், இரண்டு சோடி பிறேக் கட்டை, செயின் இணைப்பு, இரண்டு மூன்று சில்லுக் கம்பி எல்லாம் கையோடு வரவேண்டும். ரியூப்பில் ஒடுங்கிய பிரெஸ்ரா வால்வு என்றால் இங்குள்ள பம்பின் வாய் அதற்குப் பொருந்தாது. பித்தளை அடப்ரர் ஒன்று சட்டைப் பையில் கிடந்தால் எந்தச் சைக்கிள் கடையிலும் காற்றடிக்கலாம்.

இங்கே வாங்குவதுதான் எங்கள் பரிந்துரை. வவுனியாவில் லுமாலா போன்ற உள்ளூர்ச் சைக்கிள்கள் கிடைக்கும். 28 அங்குல ரயர், இரும்பு பிறேம், ஒற்றைக் கியர். இந்தத் தட்டை நிலத்துக்கு அது போதும், எந்தச் சந்தியிலும் திருத்தலாம். ஆனால் கடையிலிருந்து எடுத்ததும் புறப்பட வேண்டாம். புதுச் சைக்கிளில் பெரும்பாலும் பெயரிங் குண்டுகள் இறுக்கமாகவோ கிறீஸ் குறைவாகவோ இருக்கும். இரண்டு சில்லையும் நடு அச்சையும் கழற்றி கிறீஸ் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். றிம் கோணல் எடுக்கவேண்டும். பெடல் தண்டைப் பிடிக்கும் கொட்டர் பின் முதல் 50 கிலோமீற்றருக்குள் இளகும், ஏனென்றால் மென்மையான அந்த இரும்பு பாரம் ஏறிய பிறகுதான் இடத்தில் உட்காரும். மாங்குளத்தில் இறங்கி அதை அடித்து நட்டை இறுக்குங்கள். இளகியபடி ஓட்டினால் அந்தப் பின் தேய்ந்து, காட்டு நடுவில் பெடல் சுற்றிக்கொண்டு நிற்கும். சீற்றை மட்டும் உங்கள் ஊரிலிருந்து கொண்டு வந்து மாற்றுங்கள். கம்பிப் பிறேக் மழையில் பிடிக்காது என்பதால் ஈர வீதியில் இரட்டைத் தூரம் விட்டு ஓடவும்.

பொதி 12 கிலோவுக்கு மேல் வேண்டாம், கரியரின் இரு பக்கமும் சமமாகத் தொங்கட்டும். முதுகுப்பை வேண்டாம், இந்த வெயிலில் முதுகு அவிந்துவிடும்.

பஞ்சர் பெரும்பாலும் நெருஞ்சி முள்ளால் வரும், வீதியோரப் புல்லில் சைக்கிளைச் சரித்து வைக்கும் பழக்கத்தால். தார் மேலேயே நிறுத்துங்கள், அல்லது தூக்கி வையுங்கள். ஒட்டுப் போட்ட பின் ரயரின் உட்புறத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்க்காமல் பூட்டாதீர்கள். முள்ளின் நுனி உள்ளே இருந்தால் அரை மணித்தியாலத்தில் மறுபடியும் காற்றுப் போகும்.

கொழும்பிலிருந்து சைக்கிளை ரயிலில் கொண்டுவர, பெட்டிக்குள் ஏற்ற விடமாட்டார்கள், பார்சலாகப் பதியவேண்டும். அது நீங்கள் போகும் ரயிலிலேயே வரும் என்று எண்ணாமல் ஒரு நாள் முன்னதாக அனுப்புங்கள். வடபாதை ரயில்கள் சில வவுனியாவிலும் மாங்குளத்திலும் கிளிநொச்சியிலும் நிற்பதால் களைத்தால் பாதியில் ஏறிக்கொள்ளலாம்.

வீதியை விட்டு இறங்குமுன்

மிதிவெடி அகற்றும் பணி வன்னியிலும் ஆனையிறவுக்கு வடக்கே முகமாலையிலும் பல ஆண்டுகளாக நடக்கிறது. பெரும்பகுதி துப்புரவாகிவிட்டது, ஆனால் முழுதும் அல்ல. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகையோ சிவப்புக் கட்டையோ கண்டால் அதற்கப்பால் ஒரு அடியும் வைக்கக்கூடாது. பலகை இல்லாத இடம் பாதுகாப்பான இடம் என்று பொருளல்ல. மாரியில் மண் கரைந்து பழைய எறிகணைகளும் கைக்குண்டுகளும் மேலே வருவதுண்டு. துருப்பிடித்த இரும்பு எதையும் நினைவுப்பொருளாக எடுக்காதீர்கள், காலாலும் தட்டாதீர்கள். சைக்கிளில் வருகிறவர் அடிக்கடி செய்யும் பிழை, ஒதுங்குவதற்காகப் பற்றைக்குள் போவது. கடையிலோ கோயிலிலோ கேளுங்கள், ஒருவரும் மறுக்கமாட்டார்கள்.

கிறவல் வீதிக்குள் இறங்கினால் அண்மையில் போன உழவு இயந்திரத்தின் சில்லுத் தடத்திலேயே ஓடுங்கள். தடம் முடிகிற இடத்தில் உங்கள் பயணமும் முடிகிறது.

யானை புளியங்குளம்–நெடுங்கேணி, ஒட்டுசுட்டான்–மாங்குளம் வீதிகளில் வரும். மாலை ஐந்து மணிக்குப் பிறகும் விடியுமுன்னும் இந்தக் காட்டுப் பாதைகளில் சைக்கிள் வேண்டவே வேண்டாம். வீதியில் புதுச் சாணமும் முறிந்த கிளையும் கிடந்தால் நின்று, பின்னால் வரும் வாகனத்துக்குக் காத்திருந்து அதோடு சேர்ந்து கடவுங்கள். மணி அடிக்கக்கூடாது. பாலைப்பழக் காலத்தில் கரடியும் பாலை மரத்தடிக்கு வரும். பழம் பொறுக்க ஆசையிருந்தால் வீதியோரம் விற்பவர்களிடம் வாங்குங்கள்.

குளங்கள்

வன்னியில் தங்கிப் பார்க்க வேண்டியது குளங்களைத்தான். கிளிநொச்சி நகருக்குத் தெற்கே இரணைமடுச் சந்தியில் கிழக்கே திரும்பினால் இரணைமடுக் குளக்கட்டு. கனகராயன் ஆற்றை மறித்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய குளம், கிளிநொச்சியின் பல வயல்களுக்கு இதன் தண்ணீர்தான். காலை ஆறரை மணிக்குக் குளக்கட்டின் மேல் ஏறுங்கள், ஒளியும் பறவையும் அப்போதுதான். கட்டின் மேல் ஏற விடாமல் மறித்தால் வாதாடவேண்டாம். கிழக்குப் பக்கம் விமானப்படைத் தளம் இருப்பதால் அந்தத் திசைக்குக் கமராவை நீட்டாதீர்கள்.

தருமபுரத்துக்கும் விசுவமடுவுக்கும் தெற்கே கல்மடுக்குளம். 2009 ஜனவரியில் இதன் கட்டு போரில் உடைக்கப்பட்டது. கட்டு திருத்தப்பட்டு இப்போது மீண்டும் தண்ணீர் நிற்கிறது. ஒட்டுசுட்டானிலிருந்து முத்தையன்கட்டு, முள்ளியவளைப் பக்கமிருந்து குமுளமுனை வழியாகத் தண்ணிமுறிப்பு. இரண்டும் காட்டு ஓரக் குளங்கள், பகலில் மட்டும், இருவராகப் போகவேண்டியவை. தண்ணிமுறிப்புக்கு அருகே குருந்தூர்மலை. தொல்லியல் பெயரால் காணித் தகராறு நீடிக்கும் இடம் அது, காவலர்கள் கேள்வி கேட்பார்கள்.

எந்தக் குளத்திலும் ஊர்ச் சனம் குளிக்கிற துறையில் மட்டும் இறங்குங்கள். முதலை உண்டு. ஆளில்லாத அலைகரை அழகாகத் தெரியும், அங்கேதான் அது படுத்திருக்கும்.

ஏ35 வீதியில் ஒரு நாள்

கிளிநொச்சியில் தங்குகிறவர்கள் முதலில் ஆனையிறவுக்குப் போய்வரலாம், போகவர 30 கிலோமீற்றர். 2000 ஏப்ரலில் புலிகளிடம் வீழ்ந்து 2009 ஜனவரியில் திரும்ப இராணுவத்திடம் போன தளம். இன்று வீதியோரம் இருப்பவை இராணுவத்தின் நினைவுச் சின்னங்கள், 1991 சண்டையின் கவசமிட்ட புல்டோசர் உட்பட. நிழல் ஒரு துண்டும் இல்லாத உப்புவெளி என்பதால் எட்டரை மணிக்குள் திரும்பிவிடுங்கள்.

மறுநாள் ஏ35. விசுவமடு தேராவிலில் மாவீரர் துயிலும் இல்லம் இருந்தது. போரின் பின் கல்லறைகள் இடிக்கப்பட்டன. புதுக்குடியிருப்பில் காலைச் சாப்பாட்டை முடித்து, ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் நிரப்புங்கள். அதற்கப்பால் கடை குறைவு. நேரமிருந்தால் இரணைப்பாலை வழியாக மாத்தளன் போய், பொக்கணை, வலைஞர்மடம் ஊடாகக் கரையோரமாகத் தெற்கே இறங்கி இரட்டைவாய்க்காலில் பெருவீதியைப் பிடிக்கலாம். புதுமாத்தளனில் பள்ளிக்கூடத்தில் இயங்கிய வைத்தியசாலை இந்தத் திட்டில்தான் இருந்தது. சில இடங்களில் மணல் ரயரை விழுங்கும். காற்றை 25க்கு இறக்குங்கள், அப்படியும் புதைந்தால் உருட்டுங்கள்.

முள்ளிவாய்க்கால் நினைவிடத்தில் செருப்பைக் கழற்றி நில்லுங்கள். செல்பி எடுக்கும் இடமல்ல அது. வீதியில் சந்திப்பவரிடம் “அப்ப நீங்கள் எங்க இருந்தனீங்கள்?” என்று கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், பதிவு செய்யாதீர்கள். கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 முதல் போராடி வருகிறார்கள். கண்டால் இறங்கி வணக்கம் சொல்லி, சற்று நேரம் இருந்துவிட்டுப் போங்கள்.

வட்டுவாகல் பழைய பாலம் ஒற்றை வாகன அகலம். எதிரே பஸ் ஏறிவிட்டால் அது கடக்கும் வரை கரையிலேயே நில்லுங்கள். புதுப் பாலத்தின் வேலை 2025இல் தொடங்கியதால் மாற்றுப் பாதைப் பலகைகளைக் கவனியுங்கள்.

மே 18 (முள்ளிவாய்க்கால் நினைவு நாள்), நவம்பர் 27 (மாவீரர் நாள்) ஆகிய நாட்களை அண்டி வந்தால் சோதனையும் விசாரிப்பும் கூடும். கடவுச்சீட்டின் பிரதி, தங்குமிட முகவரி இரண்டும் கையில் இருக்கட்டும். கேட்டதற்கு மட்டும் அமைதியாகப் பதில் சொல்லுங்கள். முகாம், காவலரண் படம் எடுக்கக்கூடாது. ட்ரோனுக்கு முன்கூட்டிய அனுமதி வேண்டும்.

சாப்பாடு, தண்ணீர், படுக்கை

நாளுக்கு ஐந்தாறு லீற்றர் தண்ணீர். வன்னிக் கிணறுகள் பலவற்றில் கல்சியம் கூடிய நீர், சுத்திகரித்ததையே குடியுங்கள். மருந்துக் கடையில் ஜீவனி என்னும் உப்புச்சீனிக் கரைசல் தூள் வாங்கி, பொதியில் எழுதிய அளவு நீரில் கரைத்துப் பதினொரு மணிக்கு ஒருமுறை. தலையிடியும் குளிரும் ஒன்றாக வந்தால் அது வெயில் பிடித்த அறிகுறி. அன்றைய ஓட்டம் முடிந்தது. அவசர அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119. காட்டுப் பாதையில் தொலைபேசி அலை விட்டுவிட்டுத்தான் வரும், வரைபடத்தை முதலே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, வறுத்த கச்சான் ஒரு பை வாங்குங்கள். வெயிலில் உருகாத, உப்பும் கொழுப்பும் உள்ள நல்ல ஓட்டச் சாப்பாடு. வெள்ளரிப்பழம் காலத்தில் வீதியோரம் கிடைக்கும். கடைகளில் இடியப்பமும் சொதியும் காலை எட்டு மணிக்குள் முடிந்துவிடும்.

விடுதிகள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் போதியளவு, முல்லைத்தீவில் சில, ஒட்டுசுட்டானில் நம்பமுடியாது. இராணுவம் நடத்தும் விடுதிகளும் உண்டு. அங்கே காசு கொடுக்க விரும்பாதவர்கள் பதியுமுன் யார் நடத்துவது என்று கேளுங்கள். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல் நாட்களில் முல்லைத்தீவில் அறையே கிடைக்காது.

திரும்பும் வழியில் ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயிலும், அதற்குச் சற்றப்பால் கற்சிலைமடுவும். 1803இல் ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க், வன்னியின் சிற்றரசன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததைச் சொல்லும் கல் நாட்டப்பட்ட இடம் அது. பிறகு மாங்குளம் வரை காடு, கடை மிகக் குறைவு, தண்ணீர் ஒட்டுசுட்டானிலேயே நிரப்பவேண்டும்.

மாங்குளத்தில் ஓட்டம் முடிகிறது. வாங்கிய சைக்கிளை விற்க அலைய வேண்டாம். செயினைக் கழுவி எண்ணெய் விட்டு, கொட்டர் பின்னை இன்னொருமுறை இறுக்கி, பற்றுச்சீட்டோடு ஏதாவதொரு கிராமப் பள்ளிக்கூட அதிபரிடம் ஒப்படையுங்கள். தூரத்திலிருந்து நடந்து வரும் பிள்ளை யார் என்று அவருக்குத் தெரியும். பற்றுச்சீட்டில் பிறேம் இலக்கம் எழுதியிருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.