மரையா தீவில் ஒரு ராத்திரி: முதல் முறை போகிறவர்களுக்கு

ஆஸ்திரேலியாவின் தீவு மாநிலமான டாஸ்மேனியாவின் கிழக்குக் கரையை ஒட்டி இருக்கிறது மரியா தீவு. எழுத்தில்தான் மரியா, ஊர்க்காரர்கள் வாயில் அது 'மரையா'. 1972லிருந்து தேசியப் பூங்கா. கடை கிடையாது, சுற்றுலாப் பயணிகளின் கார்களுக்கு இடமில்லை. விலங்குகளைக் கூண்டில்லாமல் பார்க்க வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான். ஆனால் ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும். காலைப் படகில் வந்து மாலைப் படகில் திரும்புகிறவர்கள், விலங்குகள் மேயக் கிளம்பும் நேரத்தில் தீவை விட்டுப் போய்விடுகிறார்கள்.

படி 1: முதலில் படுக்கை, பிறகு விமானம்

டார்லிங்டன் என்ற பகுதியில், கைதிகளை அடைத்து வைத்திருந்த பழைய செங்கல் கட்டடம் ஒன்று இருக்கிறது. அங்கேதான் தங்கல். பெரும்பாலான அறைகளில் ஆறு பேர் படுக்கலாம். மின்சாரம் இல்லை. கோடையில், அதாவது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அறை இல்லையென்றால் பக்கத்திலேயே கூடாரம் அடிக்கலாம். அறை உறுதியான பிறகு படகுச் சீட்டு, பூங்கா அனுமதிச் சீட்டு, கடைசியாக விமானம் என்ற வரிசையில் போங்கள்.

படி 2: மூட்டை கட்டுதல்

ஸ்லீப்பிங் பேக், டார்ச், சமையல் பாத்திரம், இரண்டு நாள் சாப்பாடு எல்லாம் நீங்களே தூக்கிக்கொண்டு போக வேண்டும். கேஸ் குப்பியை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், டாஸ்மேனியாவின் தலைநகரான ஹோபார்ட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். காய்கறியும் பழமும் அப்படித்தான். மெல்பர்னிலிருந்தோ சிட்னியிலிருந்தோ வந்தாலும் டாஸ்மேனியாவுக்குள் கொண்டுவரத் தடை. கைப்பையில் கறிவேப்பிலைக் கொத்து இருந்தால் அதையும் விட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

பைக்கு ஒரு சின்னப் பூட்டோ கிளிப்போ அவசியம். இந்தத் தீவில் கர்ராவாங் என்ற கறுப்புப் பறவை இருக்கிறது, காக்கையைவிடச் சற்றுப் பெரியது. ஜிப்பின் நுனியை அலகால் கவ்வி இழுத்துத் திறந்துவிடும். பெஞ்சில் பையை வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்த் திரும்புவதற்குள் எங்கள் ரொட்டி பாதி காலி.

படி 3: போய்ச் சேர்தல்

ஹோபார்ட்டிலிருந்து ட்ரையபன்னாவுக்குக் காரில் ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து படகு அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். காலணியில் ஒட்டிய மண்ணை ஏறுவதற்கு முன்பே தட்டிவிடுங்கள், அதில்தான் களை விதையும் செடி நோயும் பயணம் செய்கின்றன.

படி 4: சாயங்காலம்

இதற்காகத்தான் வந்தீர்கள். வெயில் சாய்ந்ததும் கட்டடத்துக்கு முன்னாலிருக்கும் புல்வெளியில் ஒரு இடம் பிடித்து உட்காருங்கள். தேடி அலைய வேண்டாம். கொழுத்த பன்றிக்குட்டி அளவில் பழுப்பு உருண்டையாக வோம்பேட் வரும், கங்காருவைப் போல வயிற்றில் பை உள்ள விலங்கு. முதலில் காதில் விழுவது அது புல்லைப் பறிக்கிற 'கர்க் கர்க்' சத்தம். பையில் குட்டி இருந்தால் பின்னங்கால்களுக்கு நடுவில் ஒரு சின்ன மூக்கு தெரியும். அதன் பை பின்பக்கம் பார்த்துத் திறந்திருக்கும், வளை தோண்டும்போது மண் உள்ளே போகாது. தரையில் சதுரக் கட்டிகளாகக் கிடப்பது அதன் சாணம்தான்.

எவ்வளவு கிட்டப் போகலாம்? மெல்லுவதை நிறுத்தித் தலை தூக்கினால் நீங்கள் ஏற்கெனவே அளவு மீறிவிட்டீர்கள், பின்வாங்குங்கள். செல்ஃபிக்காகத் துரத்துவதும் ரொட்டி போடுவதும் அதற்குச் செய்யும் கொடுமை.

இருட்டிய பிறகு டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொண்டு மெதுவாக நடங்கள். கங்காருவின் சின்ன உறவான பாடிமெலன்கள் நிறைய. அதிர்ஷ்டம் இருந்தால் டாஸ்மேனியன் டெவில், சின்ன நாய் அளவில் மாமிசம் தின்னும் கறுப்பு விலங்கு. 1996இல் முதலில் தெரியவந்த முகப் புற்றுநோய் அந்த இனத்தையே அழித்துக்கொண்டிருந்ததால், நோயில்லாத 28 டெவில்களை 2012, 2013இல் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அவை பெருகின. ஆனால் ஒரு காலத்தில் 3,000 ஜோடி இருந்த சின்னப் பென்குயின்கள் அவற்றுக்கு இரையாகித் தீவிலிருந்து மறைந்துவிட்டன. ஓர் இனத்தைக் காப்பாற்ற எடுத்த முடிவுக்கு இன்னோர் இனம் கொடுத்த விலை இது. அந்த இருட்டில் நிற்கும்போது இதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

படி 5: மறுநாள் காலை

கடல் வற்றும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துவைத்துக்கொண்டு, அந்த நேரத்துக்கு 'வண்ணப் பாறைகள்' பக்கம் போங்கள். போய்வர இரண்டு மணி நேரம். மஞ்சளும் செம்பழுப்பும் வரிவரியாக ஓடும் மணற்பாறை. வழியில் சாம்பல் நிற கேப் பேரன் வாத்துகள் மேய்ந்துகொண்டிருக்கும்.

படி 6: திரும்புதல்

கடைசிப் படகு வேண்டாம், மதியப் படகைப் பிடியுங்கள். டாஸ்மேனியச் சாலைகளில் அந்தி நேரத்தில் வண்டி மோதிச் சாகும் விலங்குகள் ஏராளம். வெளிச்சம் இருக்கும்போதே ஹோபார்ட் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.