சைக்கிள் முடிந்த தொட்டியில் கோரிடோராஸ் விடுவது எப்படி?

என் இரண்டடி தொட்டியில் முதன்முதலாக விட்ட ஆறு வெண்கலக் கோரிடோராஸுக்கும் (அடியில் மேயும் சின்னக் கெளுத்தி மீன், சுருக்கமாகக் கோரி) மூன்றே வாரத்தில் மீசை தேய்ந்து குட்டையாகிவிட்டது. தண்ணீரை டெஸ்ட் செய்தால் மீனுக்கு விஷமான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0 காட்டின. பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது. அடியில் போட்டிருந்த வண்ணக் கல்தான் காரணம்.

தொட்டியை சைக்கிள் செய்துவிட்டீர்கள், அதாவது மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நல்ல பாக்டீரியாவை வளர்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. கல்லுக்குப் பதில் மணல்

கோரி முகத்தை மணலில் புதைத்து, வாயில் அள்ளி, இரையை வைத்துக்கொண்டு மணலைச் செவுள் வழியாகத் தள்ளிவிடும். கல்லில் இதெல்லாம் முடியாது. கூர்முனையில் மீசை உரசும். இடுக்கில் விழுந்த தீனி அழுகி, புண்ணான இடத்தில் கிருமி பிடிக்கும்.

எம்-சாண்ட் வேண்டவே வேண்டாம். அது உடைத்த கல். கடையில் விலை அதிகமாக விற்கும் மணலைவிடச் சலித்த ஆற்று மணலே எனக்குப் பிடித்தது. வாங்கியதும் ஒரு கைப்பிடியில் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சிப்பித்தூள் கலந்திருக்கிறது, தண்ணீரின் கடினத்தன்மை ஏறும். பக்கெட்டில் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். எனக்குப் பதினைந்து தடவை ஆனது. 3 செ.மீ. உயரம் போதும்.

கல்லை எடுத்து மணல் போடும்போது ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே ஊறவிடுங்கள். நல்ல பாக்டீரியா பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரினில் செத்துப்போகும்.

2. டெஸ்ட்

தண்ணீரில் நனைத்துப் பார்க்கும் டெஸ்ட் பட்டை வேண்டாம், சொட்டு மருந்து கிட் வாங்குங்கள். ஏபிஐ (API) கம்பெனி கிட்டில் நைட்ரேட்டின் இரண்டாவது பாட்டிலை 30 விநாடி பலமாகக் குலுக்காவிட்டால் அளவு குறைவாகக் காட்டும். நைட்ரேட் 20 ppm-க்குள் (லிட்டருக்கு 20 மி.கி.) இருந்தால் சரி.

3. வாங்குவது

கூட்டமாக வாழும் மீன். குறைந்தது ஆறு மீன் வேண்டும். நான் சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் வாங்கினேன். மீசை முழுசாக இருக்கிறதா என்று கடையிலேயே குனிந்து பாருங்கள். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சக்கர் மீனை நீட்டினால் வாங்காதீர்கள். அது ஒரு அடியைத் தாண்டி வளரும்.

4. தொட்டிக்குள் விடுவது

கடைத் தண்ணீரும் நம் வீட்டு போர் தண்ணீரும் ஒன்றல்ல. லைட்டை அணைத்து, மீனைக் கடைத் தண்ணீரோடு ஒரு பக்கெட்டில் விட்டு, ஏர் டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை விநாடிக்கு இரண்டு சொட்டு வீதம் ஒரு மணி நேரம் அதில் விடுங்கள். அப்புறம் வலையால் பிடிக்காதீர்கள், துடுப்பு முள் சிக்கிக்கொள்ளும். ஒரு டம்ளரால் மொண்டு விடுங்கள். கடைத் தண்ணீர் தொட்டிக்குள் போக வேண்டாம்.

5. தீனி

மிச்சத்தைத் தின்று வாழும் என்று நம்பிப் பட்டினி போடாதீர்கள். லைட் அணைத்தபின் மூழ்கும் பெல்லட் போடுங்கள், காலையில் மீதியை எடுத்துவிடுங்கள். முதல் வாரம் தினமும் டெஸ்ட் செய்யுங்கள். அம்மோனியா 0.25 ppm காட்டினாலே கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டுக் குளோரின் நீக்கிய தண்ணீரை விடுங்கள்.

பின்சேர்க்கை: மீன் மேலே பாய்ந்து காற்றை விழுங்குகிறதே என்று இரண்டு பேர் பயந்து கேட்டிருந்தீர்கள். எப்போதாவது என்றால் இயல்புதான். குடல் வழியாகவும் கோரி சுவாசிக்கும். ஓயாமல் செய்தால் அம்மோனியாவையும் வெப்பநிலையையும் பாருங்கள். இந்த மீனுக்கு 22 முதல் 26 டிகிரி ஏற்றது. மே மாதத்தில் நான் மூடியை எடுத்து மேலே வலை கட்டி, சின்ன ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பின்மேல் திருப்பி வைக்கிறேன். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரை விடியற்காலையில் மட்டும்தான் பிடிக்கிறேன்.