ஒயின் கூலர் வாங்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

நான் முதலில் வாங்கிய ஒயின் கூலர் எட்டு மாதம்தான் ஓடியது. சமையலறை மேடைக்குக் கீழே இருந்த அலமாரிப் பொந்தில் அளவெடுத்துச் செய்தது போலக் கச்சிதமாக உட்கார்ந்தது. வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஆறாவது மாதம் தொடங்கி கம்ப்ரசர் ராப்பகலாக ஓட ஆரம்பித்தது. பக்கவாட்டுத் தகட்டைத் தொட்டால் அப்போதுதான் அணைத்த இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது. பழுது பார்க்க வந்தவர் திருப்புளியைக்கூட எடுக்கவில்லை. கூலரை வெளியே இழுத்துப் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தார். "மூச்சு முட்டிச் செத்திருக்கு சார்" என்றார்.

கூலர் மேல் குற்றமில்லை. தனியாகக் காற்றோட்டமாக நிற்க வேண்டியதைப் பெட்டிக்குள் அடைத்தது நான்தான். இந்த விஷயத்தில் பிறர் செய்து நான் பார்த்த தவறுகளும் பெரும்பாலும் இந்த வகைதான். கருவியைப் பற்றி ஒரு வாரம் விசாரிப்போம். அது நிற்கப்போகும் இடத்தையும், உள்ளே போகப்போகும் பாட்டில்களையும் ஐந்து நிமிடம்கூடப் பார்க்க மாட்டோம்.

மூச்சு விட இடம்

உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுவதுதான் எந்தக் குளிர்பெட்டிக்கும் வேலை. அந்தச் சூடு எந்தப் பக்கமாக வெளியேறுகிறது என்பதில்தான் இரண்டு வகை கூலர்களும் பிரிகின்றன. தனித்து நிற்கும் வகை பின்பக்கம் அல்லது பக்கச் சுவர்கள் வழியாகச் சூட்டை விடும். அலமாரிக்குள் பொருத்தும் வகைக்கு முன்பக்கம் கீழே, கதவுக்கு அடியில், காற்றுக் கம்பி இருக்கும். காற்று அங்கேயே உள்ளே போய் அங்கேயே வெளியே வரும். அலமாரி வகையைத் தனியாக நிறுத்தினால் ஒன்றும் கெட்டுப்போகாது. தனித்து நிற்பதை அலமாரிக்குள் தள்ளினால் என் கதைதான்.

கடையில் விற்பனையாளர் "எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்" என்று சொல்வார். குனிந்து, கீழே முன்பக்கம் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பின்னாலும் பக்கங்களிலும் சில சென்டிமீட்டராவது இடைவெளி தேவைப்படும். எவ்வளவு என்று கையேட்டில் போட்டிருக்கும். அதை வாங்கிய பிறகு படித்துப் பயனில்லை, வாங்கும் முன்பே கேட்டுப் படியுங்கள். சரியான வகையை வாங்கிய பிறகும் சொதப்புகிறவர்கள் உண்டு: அலமாரி வரிசை ஒரே சீராகத் தெரிய வேண்டும் என்று தச்சர் அடிப்பலகையைக் கூலருக்கு முன்னாலும் ஓட்டிவிடுவார். காற்றுக் கம்பி பலகைக்குப் பின்னால் போய்விடும்.

கதவையும் மறந்துவிடாதீர்கள். பல கூலர்களில் கதவு 90 டிகிரிக்கு மேல் திறந்தால்தான் தட்டு முழுதாக வெளியே வரும். சுவர் மூலையை ஒட்டி வைத்தால் தட்டு பாதியிலேயே கதவில் முட்டும், ஒவ்வொரு பாட்டிலையும் கோணலாக உருவ வேண்டியிருக்கும். கீலை மறுபக்கம் மாற்றிப் பொருத்த முடியுமா என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

அறையின் சூடு

கூலரின் உள்பக்கத்திலோ முதுகிலோ ஒட்டியிருக்கும் சிறு தகட்டை யாரும் படிப்பதில்லை. அதில் தட்பவெப்ப வகுப்பு என்று ஒன்று இருக்கும். 'N' வகுப்பு என்றால் அறை 16 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது சரியாக வேலை செய்யும். 'SN' வகுப்பு 10 முதல் 32 வரை. 'ST' வகுப்பு 38 வரையும், 'T' வகுப்பு 43 வரையும் தாங்கும். கோடையில் உங்கள் அறை 36 டிகிரிக்குப் போகும் என்றால், 'N' வகுப்புக் கூலர் எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்கானது அல்ல. இதே கணக்குக் குளிருக்கும் உண்டு. குளிர்காலத்தில் உறைந்துபோகும் கார் ஷெட்டில் வைத்தால் சில கூலர்கள் குழம்பிவிடும், ஏனென்றால் அவற்றுக்குக் குளிர்விக்க மட்டுமே தெரியும், சூடேற்றத் தெரியாது.

தெர்மோஎலக்ட்ரிக் கூலரை வாங்கி ஏமாறுகிறவர்கள் கதையும் இங்கேதான் வருகிறது. 1834-ல் ழான் பெல்டியே என்ற பிரெஞ்சுக்காரர் கவனித்த விளைவுதான் இதன் அடிப்படை. இரண்டு வேறுபட்ட கடத்திகள் சேரும் இடத்தில் மின்சாரத்தை ஓட்டினால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். இதில் கம்ப்ரசர் இல்லை. சின்ன விசிறியின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை, அதிர்வும் இல்லை என்றே சொல்லலாம். விளம்பரத்தில் இதெல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். ஆனால் இதற்கு அறையின் வெப்பத்திலிருந்து இத்தனை டிகிரிதான் கீழே இறங்க முடியும் என்ற எல்லை இருக்கிறது. பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரி. அறை 22-ல் இருந்தால் 12 கிடைக்கும், பிரமாதம். அறை 34-ல் இருந்தால் 20-க்குக் கீழே இறங்கவே திணறும், மின்சாரத்தையும் சும்மா குடித்துக்கொண்டிருக்கும். ஆண்டு முழுவதும் குளிர்ந்திருக்கும் அறையில், பத்துப் பன்னிரண்டு பாட்டிலுக்கு, சத்தமே கூடாது என்றால் இதை வாங்கலாம். மற்றவர்களுக்கு கம்ப்ரசர்தான்.

"46 பாட்டில்" என்றால் எந்தப் பாட்டில்?

எனக்கு இன்றுவரை எரிச்சலூட்டும் விஷயம் இது. பெட்டியில் போட்டிருக்கும் எண்ணிக்கை கிட்டத்தட்ட எப்போதும் போர்தோ வடிவ பாட்டிலை வைத்துச் சொல்வது. நேரான உடம்பு, தோள் உயர்ந்தது, அகலம் ஏறக்குறைய 7.5 சென்டிமீட்டர், உயரம் 30. இந்த பாட்டில்களை ஒன்றுக்கொன்று தலைகால் மாற்றி நெருக்கி அடுக்கினால் அந்த எண்ணிக்கை வரும். பர்கண்டி பாட்டிலின் வயிறு அதைவிட அகலம், 8 சென்டிமீட்டரைத் தாண்டும். ஷாம்பெயின் பாட்டில் 9-ஐ நெருங்கும். ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் வரும் ஒல்லியான பாட்டில் அகலத்தில் இடம் மிச்சப்படுத்தும், உயரத்தில் கதவை மூடவிடாது.

அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர்தானே என்று நினைப்பீர்கள். தட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி போர்தோவுக்கு அளந்து வைத்தது. அதில் பர்கண்டியைச் சொருகினால் மேல்தட்டு லேபிளைச் சுரண்டிக்கொண்டே வரும். ஷாம்பெயின் நுழையவே நுழையாது. ஒரு தட்டைக் கழற்றினால்தான் அதற்கு இடம், கழற்றினால் ஒரு வரிசை போச்சு. அதனால் கடைக்குப் போகும்போது வீட்டிலிருந்து ஒரு பர்கண்டி பாட்டிலும் ஒரு ஷாம்பெயின் பாட்டிலும், காலியானதாகவே, பையில் எடுத்துக்கொண்டு போங்கள். காட்சிக்கு வைத்திருக்கும் கூலரின் தட்டில் படுக்கவைத்துக் கதவை மூடிப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். கலந்து வாங்குகிறவர்கள் சொன்ன எண்ணிக்கையில் முக்கால் பங்கையே நம்பலாம்.

எடையும் ஒரு கணக்கு. நிறைந்த 750 மில்லி பாட்டில் ஏறக்குறைய 1.2 முதல் 1.3 கிலோ வரும். ஷாம்பெயின் பாட்டில் உள்ளழுத்தத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் கனத்த கண்ணாடி, 1.6 கிலோ வரை போகும். ஐம்பது பாட்டில் என்றால் கூலரின் எடை போக இன்னும் 60 கிலோவுக்கு மேல். மரத்தரையோ பழைய மாடியோ என்றால் ஒரு தடவை யோசியுங்கள்.

இரண்டு மண்டலம் உங்களுக்குத் தேவையா?

சிவப்பு ஒயினுக்கு ஒன்று, வெள்ளை ஒயினுக்கு ஒன்று என்று இரண்டு வெப்பநிலை மண்டலம் இருந்தால்தான் சரி என்று பலர் கூடுதலாகக் கொடுத்து வாங்குகிறார்கள். பாதுகாத்து வைப்பதும் பரிமாறுவதும் வேறு வேறு வேலை என்பதை இதில் மறந்துவிடுகிறோம். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வைப்பதற்குச் சிவப்போ வெள்ளையோ எல்லாவற்றுக்கும் 12, 13 டிகிரி போதும். பரிமாறும்போதுதான் வித்தியாசம்: ஷாம்பெயின் 6 முதல் 10, லேசான வெள்ளை 7 முதல் 10, கனமான வெள்ளை 10 முதல் 13, கனமான சிவப்பு 16 முதல் 18. சிவப்பை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்ற பேச்சு, கணப்பு வைத்தும் குளிராக இருந்த பழைய ஐரோப்பிய வீடுகளிலிருந்து வந்தது. 28 டிகிரி அறைக்கு அது பொருந்தாது.

சேர்த்து வைப்பதுதான் நோக்கம் என்றால் ஒரே மண்டலம், 12 டிகிரி, அவ்வளவுதான். சிவப்பைக் குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வையுங்கள். வெள்ளையைச் சாதாரண ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வையுங்கள். இரண்டு மண்டலம்தான் வேண்டும் என்றால் ஒவ்வொரு மண்டலத்துக்கும் எந்த எல்லை என்று பாருங்கள். சிலவற்றில் மேல்பகுதி 5 முதல் 10, கீழ்ப்பகுதி 10 முதல் 18 என்று பூட்டியிருக்கும். உங்களிடம் இருப்பது முழுக்கச் சிவப்பு என்றால் பாதிக் கூலர் வீண்.

முகப்பில் ஒளிரும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். அது சென்சார் இருக்கும் இடத்துக் காற்றின் வெப்பநிலை. கம்ப்ரசர் ஓடி நிற்க, ஓடி நிற்க அது ஏறி இறங்கும். பாட்டிலுக்குள் இருக்கும் திரவம் அவ்வளவு சீக்கிரம் அசையாது. உண்மையை அறிய ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதில் வெப்பமானியைப் போட்டு, மேல்தட்டில் ஒருநாள், கீழ்த்தட்டில் ஒருநாள் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இரண்டு டிகிரி வித்தியாசம் வந்தால் பதற வேண்டாம்: குளிர்ந்த இடத்தில் வெள்ளையை வையுங்கள்.

அப்புறம், ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டில் எந்நேரமும் ஐந்தாறு பாட்டில்தான், ஒரு மாதத்துக்குள் தீர்ந்துவிடும் என்றால் உங்களுக்குக் கூலரே தேவையில்லை. சாதாரண ஃப்ரிட்ஜின் 4 டிகிரியும் வறண்ட காற்றும் மாதக்கணக்கில் போனால்தான் கார்க்கைக் காயவைத்துக் காற்றை உள்ளே விடும். சில வாரங்களில் எதுவும் ஆகாது. திருகு மூடி என்றால் அந்தக் கவலையும் இல்லை.

கண்ணாடிக் கதவும் வெளிச்சமும்

கண்ணாடிக் கதவு அழகு. ஆனால் ஒயினுக்கு வெளிச்சம் ஆகாது, அதிலும் புற ஊதாக் கதிர் ஆகவே ஆகாது. ஒயினில் இருக்கும் ரைபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) வெளிச்சத்தில் தூண்டப்பட்டு கந்தகச் சேர்மங்களை உண்டாக்கும். வெந்த முட்டைக்கோஸ், நனைந்த கம்பளி மாதிரி ஒரு வாடை வரும். நிறமற்ற பாட்டிலில் வரும் ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயின், ஷாம்பெயின் வகைகள்தான் முதலில் அடிபடும். புற ஊதாவைத் தடுக்கும் இரட்டைக் கண்ணாடியா என்று கேளுங்கள். அப்படி இருந்தாலும் வெயில் விழும் ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். உள்விளக்கு எல்.இ.டி.யாக இருக்கட்டும், அணைக்கும் வசதியும் இருக்கட்டும்.

உணவகத்துக்கு வேறு கணக்கு

வீட்டுக் கூலரை உணவகத்தில் வைப்பது பொய்ச் சிக்கனம். வீட்டில் மாலைக்கு இரண்டு முறை திறக்கும் கதவு, உணவகத்தில் ஒரே இரவில் நூறு முறை திறக்கும். ஒவ்வொரு முறையும் குளிர் கொட்டிப்போகும். திரும்ப எவ்வளவு வேகமாகப் பழைய நிலைக்கு வருகிறது என்பதுதான் அங்கே கேள்வி. விசிறி வைத்துக் காற்றைச் சுழற்றுகிற வணிக வகைகளுக்கு அந்த வேகம் உண்டு. வீட்டு வகைகளின் உத்தரவாதச் சீட்டில், வணிகப் பயன்பாட்டுக்குச் செல்லாது என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். எட்டாவது மாதம் பழுதாகும்போதுதான் அந்த வரி கண்ணில் படும்.

மாலை ஆறு மணிக்கு வந்திறங்கிய பன்னிரண்டு வெதுவெதுப்பான பாட்டில்களை அப்படியே கூலருக்குள் தள்ளுவதையும் பார்த்திருக்கிறேன். உள்ளே போவது ஒன்பது லிட்டர் சூடான திரவம், அதோடு ஆறேழு கிலோ சூடான கண்ணாடி. எட்டு மணி விருந்தாளிக்கு அவை குளிராது. ஏற்கெனவே குளிர்ந்திருந்த பாட்டில்களும் சேர்ந்து ஏறிவிடும். அவசரத்துக்கு ஐஸும் தண்ணீரும் கலந்த வாளிதான் கதி, இருபது நிமிடத்தில் ஆகிவிடும். வெறும் ஐஸ் போதாது, தண்ணீர் இருந்தால்தான் பாட்டிலைச் சுற்றி இடைவெளி இல்லாமல் குளிர் தொடும். என்னைக் கேட்டால், இருப்புக்கு உள்ளறையில் ஒரு பெரிய கூலர், அன்றைய இரவுக்கு மட்டும் மேசைகள் பக்கத்தில் ஒரு சிறியது என்று பிரித்துவிடுவேன். கிளாஸ் கணக்கில் விற்கிறவர்கள், திறந்த பாட்டிலை நிற்கவைக்க ஒரு தட்டாவது உயரமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாத் தட்டிலும் படுக்கவைக்க மட்டுமே இடம் இருந்தால், திறந்தவை கடைசியில் பழச்சாறு ஃப்ரிட்ஜுக்குத்தான் போகும்.

வந்திறங்கிய நாளில்

வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் உடனே மின்சாரம் கொடுக்காதீர்கள். கம்ப்ரசரின் எண்ணெய் குழாய்களுக்குள் போயிருக்கும். ஒரு நாள் நிமிர்த்தி நிறுத்தினால் இறங்கிவிடும். கால்களைத் திருகி மட்டம் பாருங்கள். பாதி இரைச்சல் சாய்ந்து நிற்பதால் வருவது. பிறகு வெறுமையாக ஒரு நாள் ஓடவிடுங்கள். அந்த ஒரு நாளில் இன்னொரு சோதனை: பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பத்து நிமிடம் கழித்து மறுபடி சொருகுங்கள். சில கூலர்கள் நீங்கள் வைத்த வெப்பநிலையை மறந்து பழைய எண்ணுக்குப் போய்விடும், சில அணைந்தபடியே நிற்கும். ஊருக்குப் போயிருக்கும்போது மின்சாரம் போய்வந்தால் என்ன ஆகும் என்பது இதில் தெரிந்துவிடும்.

என் இரண்டாவது கூலர் இப்போது சாப்பாட்டு அறையின் இருட்டு மூலையில், சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிற்கிறது. அந்தப் பழைய அலமாரிப் பொந்தில் வாளியும் துடைப்பமும் இருக்கின்றன. அளவு கச்சிதம்.