கச்சான் காலத்துக் கண்கள்: கண் வறட்சி உள்ளவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் கண்ணாடிக் கடைக்கு வருவோரின் முறைப்பாடு மாறிவிடும். தென்மேல் பருவக்காற்று இலங்கை மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரத்தை இழந்து, சூடேறிக் கிழக்கே இறங்குவதால், மூன்று பக்கமும் கடல் சூழ்ந்திருந்தும் திருகோணமலை நகரில் மே முதல் ஓகஸ்ட் வரை கண்ணுக்கு ஈரம் கிடைப்பதில்லை. "எழுத்து மங்குகிறது, கண்ணாடியின் இலக்கம் மாறியிருக்க வேண்டும்" என்று வந்து அமர்பவர்களிற் பலருக்கு இலக்கம் மாறியிருப்பதில்லை. இமைத்தவுடன் தெளிந்து, சில விநாடிகளில் மறுபடி மங்கும் பார்வை கண்ணாடியின் குறையன்று, கண்ணீர்ப் படலத்தின் குறை. அவர்களைக் கண் வைத்தியரிடம் அனுப்புகிறேன். சில வாரங்களில் திரும்பி வரும்போது கையில் ஒரு சொட்டு மருந்தும், அதை எப்படிப் பயன்படுத்துவது என்பது பற்றி யார் யாரோ சொன்ன யோசனைகளும் இருக்கும். ஆள் மாறினாலும் தவறுகள் மாறுவதில்லை. கண்ணைக் கசக்காதீர்கள், இருட்டில் கைத்தொலைபேசி பார்க்காதீர்கள் என்பவை எல்லோரும் அறிந்தவையாதலால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நீர் வழிகிற கண்ணில் வறட்சி இராது என்று நம்புவது

"மோட்டார் சைக்கிளில் வரும்போது கண்ணீர் கன்னம் வரை வழிகிறது, எனக்கு எப்படி வறட்சி?" என்பதே அனேகமாக முதலில் கேட்கப்படும் கேள்வி. கண்ணீர் வெறும் நீரன்று. கண்ணின் மேற்பரப்பில் அதைப் பிடித்து வைக்கும் சளிப்பொருள் அடியிலும், நீர் நடுவிலும், அந்த நீர் ஆவியாகாமல் காக்கும் மெல்லிய எண்ணெய் மேலேயும் உள்ளன. இமை ஓரத்துச் சுரப்பிகள் அடைபட்டு எண்ணெய் குறைந்தால், நீர் எவ்வளவு சுரந்தாலும் நிற்காது. மேற்பரப்பு காய்ந்து நரம்புகள் உறுத்தலை உணர்ந்ததும் கண்ணீர்ச் சுரப்பி அவசரமாக நீரைக் கொட்டுகிறது. வழிவது அந்த அவசர நீர்தான், அது படலமாகப் படிவதில்லை.

ஷேர்மர் தாளை இமைக்குள் வைத்து 5 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நனைகிறது என்று பார்க்கும் சோதனையில் இத்தகையவர்களுக்கு நல்ல பெறுபேறு வந்துவிடுவதுண்டு. சாயம் இட்டுப் படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்று பார்க்கும்போதுதான் விடயம் வெளிப்படும். 10 விநாடிக்குள் உடைந்தால் அது நல்ல படலமன்று. வண்டி ஓட்டுபவர்கள் தலைக்கவசத்தின் முகக் கண்ணாடியை இறக்கிவிட்டாலே பாதித் தொல்லை குறையும். வெக்கைக்காக அதைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு நான் எந்தச் சொட்டையும் பரிந்துரைப்பதில்லை.

சிவப்பை நோயாக எண்ணி, சிவப்புக்கு மருந்து இடுவது

இதை நிதானத்துடன் எழுத வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் தொடங்குகிறேன்.

மருந்துக்கடையில் போய், "கண் சிவந்து எரியுது, ஒரு சொட்டு தாங்கோ" என்று கேட்பவருக்குக் கிடைக்கக்கூடியவை மூன்று வகை. முதலாவது செயற்கைக் கண்ணீர். கார்பொக்சிமெதைல் செலுலோஸ், ஹைப்ரோமெலோஸ், சோடியம் ஹயலூரோனேட் போன்றவை இதில் அடங்கும். இரண்டாவது, இரத்தக் குழாய்களைச் சுருக்கிக் கண்ணை வெளுப்பாகக் காட்டும் நாபசோலின், டெட்ராஹைட்ரோசோலின் வகை. மூன்றாவது, ஸ்டீராய்டு உள்ள அல்லது ஸ்டீராய்டும் நுண்ணுயிர்க்கொல்லியும் கலந்த சொட்டு. வறட்சிக்கென்று ஒருவர் தானாக வாங்கத்தக்கது முதலாவது மட்டுமே. ஆனால் மற்ற இரண்டும் விரைவாகக் கண்ணுக்குத் தெரியும் பலனைத் தருவதால், அவற்றையே மக்கள் "நல்ல மருந்து" என்கிறார்கள்.

இரண்டாவது வகையின் குறும்பு எளிதில் விளங்கக்கூடியது. சில மணி நேரம் கண் வெளுத்திருக்கும். மருந்தின் வேகம் குறைந்ததும் குழாய்கள் முன்னிலும் அதிகமாக விரியும். அதைக் கண்டு மறுபடி இட்டால், சில நாட்களின் பின் நோயினால் வந்த சிவப்பு எது, மருந்தினால் வந்த சிவப்பு எது என்று பிரித்தறிய இயலாது. அதில் எரிச்சல் உண்டே தவிர, பார்வைக்கு ஆபத்து பொதுவாக இல்லை.

மூன்றாவது வகை அப்படிப்பட்டதன்று. நகரில் தையல் வேலை செய்யும் ஒரு பெண்மணி, ஊசிக் காது தெரியவில்லை, கண்ணாடியின் இலக்கத்தைக் கூட்டித் தாருங்கள் என்று வந்தார். பாடசாலைச் சீருடை தைக்கும் மும்முரமான காலம் அது. மின்குமிழைச் சுற்றி வானவில் போல வளையம் தெரிவதாகவும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். என்ன சொட்டு இடுகிறீர்கள் என்று கேட்டபோது கைப்பையிலிருந்து ஒரு சிறு போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். விரல் பட்டுப் பட்டு லேபலின் நிறம் போயிருந்தது, மூடியின் ஓரத்தில் காய்ந்த மருந்து வெண்மையாகப் படிந்திருந்தது, பெயரின் முதற்பாதி அழிந்திருந்தது. உருப்பெருக்கியை வைத்து அடியில் இருந்த பொடி எழுத்தை வாசித்தபோது டெக்ஸாமெதசோன் என்று இருந்தது. அது ஒரு ஸ்டீராய்டு.

எப்போதோ கண்நோய் வந்தபோது ஒரு வாரத்துக்கென்று எழுதிக் கொடுக்கப்பட்ட மருந்து அது. கண்நோயுடன் சேர்ந்து, நெடுநாளாக இருந்த எரிவும் அடங்கிப்போனதால், அதன் பின் வெற்றுப் போத்தலை ஒரு கடையில் காட்டிக் காட்டியே புதிய போத்தலை வாங்கி வந்திருக்கிறார். எதற்கு இது, எவ்வளவு காலமாக இடுகிறீர்கள் என்று ஒரு தரமாவது அங்கே எவரும் கேட்கவில்லை. கண்ணின் உள்ளழுத்தம் வழக்கமாக 10 முதல் 21 மில்லிமீற்றர் பாதரசம் வரை இருக்கும். அவருக்கு இரண்டு கண்ணிலும் 30ஐத் தாண்டியிருந்தது. அன்றே கண் வைத்தியரிடம் அனுப்பினேன். மருந்தை மாற்றியதும் அழுத்தம் இறங்கிவிட்டது. பார்வை நரம்பில் ஏற்கெனவே கருகிப்போன பகுதி மட்டும் திரும்பவில்லை. பக்கவாட்டில் வருவதை அவரால் இப்போது சரியாகக் காண முடிவதில்லை.

இந்தத் தவறு ஏன் இவ்வளவு எளிதாக நிகழ்கிறது என்றால், மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறது. நீடித்த வறட்சியில் கண்ணின் மேற்பரப்பில் அழற்சி உண்டு. ஸ்டீராய்டு அதை அடக்குகிறது, எரிவு போகிறது, கண் வெளுக்கிறது, பார்ப்பவரும் கண் தெளிந்துவிட்டது என்கிறார்கள். அழுத்தம் ஏறுவதோ வலியில்லாமல் நிகழ்கிறது. எல்லோருக்கும் அது ஏறுவதில்லை. யாருக்கு ஏறும் என்று அளந்து பார்க்காமல் சொல்லவும் இயலாது. நீண்ட காலம் இட்டால் கண்புரையும் வரலாம். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் அறுவடைக் காலத்தில் நெற்தாள் கண்ணில் கீறிவிட்டால், அந்தக் கீறலில் பூஞ்சை பற்றக்கூடும். அந்நிலையில், உறுத்தலுக்கென்று வீட்டிலிருக்கும் பழைய ஸ்டீராய்டுச் சொட்டை இடுவது, பூஞ்சைக்கு எதிராக நிற்கும் உடலின் காவலைக் கலைத்துவிடும்.

கண் வைத்தியர் வறட்சிக்கு ஸ்டீராய்டு எழுதவே மாட்டார் என்று நான் சொல்லவில்லை. எழுதுவார். சில வாரங்களுக்கு, படிப்படியாகக் குறைக்கும்படி, அழுத்தத்தைச் சோதித்துக்கொண்டு எழுதுவார். அந்தச் சில வாரங்கள் முடிந்த பின்னும் போத்தலில் எஞ்சியிருப்பதுதான் வினை. ஆகவே வணிகப் பெயரைப் பார்க்காமல் உள்ளடக்கத்தை வாசியுங்கள். டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், பிரெட்னிசோலோன், ஃபுளோரோமெதலோன் என "சோன்", "லோன்" என்று முடியும் எதையும் வைத்தியர் சொன்ன நாளுக்கு மேல் இடாதீர்கள். உங்களுக்கு எழுதிய சொட்டைத் தங்கைக்கோ மாமிக்கோ கொடுக்கவும் வேண்டாம்.

எரிந்த பின்னரே சொட்டை எடுப்பது

செயற்கைக் கண்ணீரை வலிநிவாரணி போலக் கருதி, எரியும்போது மட்டும் இட்டுவிட்டு, "பத்து நிமிடம்தான் சுகம்" என்று குறைப்படுகிறார்கள். படலம் உடைந்து மேற்பரப்பு புண்பட்ட பின் இடும் துளியால் அதற்கு மேல் செய்ய இயலாது. ஏசி அறைக்குள் போகுமுன், கணினியில் அமருமுன், நிலாவெளிப் பேருந்தில் சன்னலோரம் ஏறுமுன் இட வேண்டும். இயல்பாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கும் நாம், திரையைப் பார்க்கும்போது அதிற் பாதியளவும் இமைப்பதில்லை என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

நாளொன்றுக்கு நான்கைந்து முறைக்கு மேல் இட வேண்டியிருந்தால், மருந்து கெடாதிருக்கச் சேர்க்கும் இரசாயனம் இல்லாத ஒற்றைப் பயன்பாட்டுக் குப்பிகளைக் கேட்டு வாங்குவது நல்லது. பல போத்தல்களில் சேர்க்கப்படும் அத்தகைய இரசாயனமான பென்சல்கோனியம் குளோரைட்டே அடிக்கடி இடும்போது மேற்பரப்பைப் புண்ணாக்கும். ஒற்றைப் பயன்பாட்டுக் குப்பி விலை கூடியது என்பதற்காக, மிச்சத்தை மூடி மறுநாளைக்கு வைக்கிறவர்களும் உண்டு. அது கூடாது.

ஒரே தடவையில் மூன்று துளி

கண் ஒரு துளியைக்கூட முழுதாகக் கொள்ளாது.

போத்தல் நுனியை இமையில் முட்டவைப்பது

2022-2023இல் அமெரிக்காவில் கிருமி கலந்த செயற்கைக் கண்ணீரோடு தொடர்புபட்ட தொற்றினால் 81 பேர் பாதிக்கப்பட்டு, நால்வர் இறந்தார்கள், சிலர் கண்ணையே இழந்தார்கள். அங்கே மாசு தொழிற்சாலையிலிருந்து வந்தது என்றாலும், நுனியை இமையிலும் விரலிலும் தொடுபவர் அந்த வேலையை வீட்டிலேயே செய்கிறார். திறந்த போத்தலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் ஒரு நாளும் வைக்க வேண்டாம்.

தாய்ப்பால், தேன், நந்தியாவட்டைச் சாறு

வேண்டாம்.

ஒத்தடத்தை ஒரு சடங்காகச் செய்வது

இமைச் சுரப்பியில் எண்ணெய் உறைந்த நெய்யைப் போலக் கெட்டியாகிவிடுவதே பலரின் நோய்க்கு வேர். அதை இளக்குவதற்குச் சுமார் 40 பாகை செல்சியஸ் சூடு, 5 முதல் 10 நிமிடம் வரை, விட்டுப் போகாமல் இமையில் படவேண்டும். வெந்நீரில் நனைத்த துணி ஓரிரு நிமிடத்தில் ஆறிவிடும். காற்றாடிக்குக் கீழே அமர்ந்து செய்தால் அதற்கும் முன்னரே ஆறிவிடும். இரண்டு துணிகளை மாற்றி மாற்றி வையுங்கள். புறங்கையில் வைத்துப் பார்த்துத் தாங்கக்கூடிய சூடாக இருந்தால் போதும், இமைத்தோல் மிக மெல்லியது. முடிந்தவுடன், மேலிமையை மேலிருந்து கீழாகவும், கீழிமையைக் கீழிருந்து மேலாகவும் விரலால் மெதுவாக நீவிவிட வேண்டும். இந்த நீவலை விட்டுவிட்டுத்தான் "ஒரு மாதமாக ஒத்தடம் கொடுக்கிறேன், ஒன்றும் இல்லை" என்கிறார்கள். இமையின் உள்விளிம்பில் மையோ சுருமாவோ தீட்டினால் அது விழுவது இதே சுரப்பிகளின் வாயில்தான். சுருமா இடும் வழக்கமுள்ள கிண்ணியா, மூதூர்ப் பக்கமிருந்து வருபவர்களிடம் இதைச் சொல்லும்போது சங்கடப்படுகிறேன், சொல்லாமல் விட்டதில்லை.

முகத்துக்கு நேரே காற்றாடி

ஜூலை மாதத்தில் உவர்மலையிலேகூடக் காற்றாடி இல்லாமல் உறங்க இயலாது, எனவே நிறுத்தச் சொல்லும் எண்ணம் எனக்கில்லை. காலுக்கு நேரே திருப்பிவிடுங்கள். காலையில் எழும்போதே எரிவு அதிகம் என்றால், உறக்கத்தில் இமை முழுதாக மூடுகிறதா என்று வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மூடாவிட்டால் சொட்டு போதாது, படுக்குமுன் இடும் களிம்பு தேவை.

மீன் எண்ணெய்க் குளிசையில் பணத்தைக் கரைப்பது

2018இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3ஐ நாளுக்கு 3000 மில்லிகிராம் ஓராண்டு எடுத்தவர்களுக்கும் ஒலிவ் எண்ணெய் எடுத்தவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மீனை ருசிக்காக உண்ணுங்கள்.

கண்ணைப் பற்றி மட்டுமே வைத்தியரிடம் பேசுவது

தடிமனுக்கும் அரிப்புக்கும் பலர் வீட்டில் வைத்திருக்கும் குளோர்பெனிரமின் குளிசை, சில மனச்சோர்வு மருந்துகள், முகப்பருவுக்கு எடுக்கும் ஐசோட்ரெட்டினோயின் ஆகியவை கண்ணை உலர்த்தக்கூடியவை. கேட்டால், "அது கண்ணுக்கு எடுக்கிற மருந்து இல்லையே" என்பார்கள். வாயும் வறண்டு, சோறு விழுங்கத் தண்ணீர் வேண்டியிருந்து, மூட்டும் நோகிறதென்றால், உடலின் நோயெதிர்ப்பே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோயாக இருக்கலாம், அதற்கு இரத்தச் சோதனை வேண்டும். நடுவயதுப் பெண்களிடம் அது அதிகம். கடும் வலி, வெளிச்சத்தைப் பார்க்க இயலாமை, ஒரு கண்ணில் மட்டும் திடீரெனப் பார்வை குறைதல் ஆகியவற்றை வறட்சி என்று எண்ணிக் காத்திருக்காமல் அன்றே காட்ட வேண்டும். மற்றபடி கிளினிக் நாளில், வீட்டில் இருக்கும் சொட்டுப் போத்தல்கள், குளிசை அட்டைகள் எல்லாவற்றையும், பாதி அழிந்த லேபல் உள்ளதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.