கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூசி-க்கு: பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் முன்

கலிஃபோர்னியாவில் பிள்ளையைக் கம்யூனிட்டி காலேஜில் (பட்டப்படிப்பின் முதல் இரண்டாண்டுப் பாடங்களைப் படிக்கக்கூடிய உள்ளூர் அரசுக் கல்லூரி) சேர்த்திருக்கிறோம் என்று சொல்ல நம்மவர்கள் பலருக்குக் கூச்சம். தேவையே இல்லை. மாநிலத்தில் ஓராண்டுக்கு மேல் குடியிருந்து மாநிலவாசிக் கட்டணத்துக்குத் தகுதி பெற்றவர்களுக்கு ஒரு செமஸ்டர் யூனிட் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர்தான். அங்கே படித்துவிட்டு யூசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்றில் மூன்றாம் ஆண்டு சேருபவருக்கும் அதே யூசி பட்டம்தான்.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. யூசி-க்கு மாற செமஸ்டர் முறையில் 60 யூனிட், அல்லது குவார்ட்டர் என்னும் காலாண்டுப் பருவ முறையில் 90 யூனிட் சேர்ந்தால் போதும் என்று பலர் கண்ணில் பட்ட பாடங்களை எடுத்துவிடுகிறார்கள். ஒரு பாடத்தைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்வது வேறு. உங்கள் மேஜருக்கு, அதாவது பட்டத்துக்கான முதன்மைத் துறைக்கு, அதைக் கணக்கில் வைப்பது வேறு. விருப்பப் பாடமாக ஏற்கப்பட்டவை எண்ணிக்கையை நிரப்பும், மேஜருக்கான கணிதமும் இயற்பியலும் பாக்கியாகவே நிற்கும்.

இதைச் சரிபார்ப்பதற்கென்றே 'அசிஸ்ட்' என்ற அதிகாரபூர்வத் தளம் இருக்கிறது. கல்லூரி, பல்கலைக்கழகம், மேஜர் மூன்றையும் தேர்ந்தெடுத்தால் இடப்பக்கம் பல்கலைக்கழகப் பாடமும் வலப்பக்கம் அதற்கு ஈடான கல்லூரிப் பாடமும் வரும். ஈடான பாடம் இல்லை என்று வந்தால் பக்கத்து ஊர்க் கல்லூரியில் தேடுங்கள். வேறு கல்லூரியில் எடுத்த பாடத்தையும் சேர்த்துக் காட்டலாம். சில பாடங்களை ஒன்றாகப் பிணைத்துக் காட்டியிருந்தால் அத்தனையையும் முடித்தால்தான் ஈடாகும். குபர்டினோவின் டி ஆன்சாவில் கால்குலஸ் நான்கு குவார்ட்டர் தொடர்; ஃப்ரீமாண்டின் ஓலோனியில் செமஸ்டர் முறை. ஒன்றில் தொடங்கி மற்றொன்றில் தொடர்வதற்கு முன் கல்லூரி ஆலோசகரைப் பாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்டு முடிவெடுக்கும் விஷயம் அல்ல இது.

'டேக்' என்னும் சேர்க்கை உத்தரவாதத்தை டேவிஸ், எர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாந்தா பார்பரா, சாந்தா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் தருகின்றன. ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் கேட்க முடியும். விண்ணப்பம் செப்டம்பர் 1 முதல் 30 வரை. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ இந்தப் பட்டியலில் இல்லை. எல்லா மேஜருக்கும் உத்தரவாதம் உண்டு என்றும் எண்ண வேண்டாம்: சாந்தா பார்பராவின் பொறியியல் கல்லூரி இதில் சேராது. டேக் கிடைத்தாலும் வழக்கமான யூசி விண்ணப்பத்தையும் தனியாக அனுப்பியாக வேண்டும்.

ஊரில் ஓராண்டு பி.இ. படித்துவிட்டு வந்தவர்கள் அந்தப் பாடங்களை அசிஸ்ட்டில் தேட வேண்டாம். அதில் கலிஃபோர்னியக் கல்லூரிகள் மட்டுமே உண்டு. கிளம்பும் முன்பே மதிப்பெண் சான்றிதழோடு பாடத்திட்ட நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இங்கிருந்துகொண்டு கல்லூரி அலுவலகத்தை நச்சரிப்பது பெரும்பாடு.

விண்ணப்பித்த பிறகு எந்தப் பாடத்தையும் சொல்லாமல் கைவிடாதீர்கள். ஜனவரியில் நிரப்பும் யூசி படிவத்தில் இலையுதிர்கால மதிப்பெண்களையும் பாட மாற்றங்களையும் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் கிடைத்த இடமே ரத்தாகலாம்.