நாற்காலியில் இருப்பவர்களுக்காகப் பாட்டு போடுங்கள்: கல்யாண டிஜேக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாண ரிசப்ஷனில் டிஜே ஆரம்பித்ததும் முதலில் இறங்கி ஆடுவது மாப்பிள்ளையின் கல்லூரி நண்பர்கள்தான். எதைப் போட்டாலும் அவர்கள் ஆடுவார்கள். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருபவர் அந்தப் பத்துப் பேரை வைத்தே மொத்தக் கூட்டத்தையும் எடை போட்டுவிடுகிறார். அவர்கள் கேட்கக் கேட்க அடுத்தடுத்து குத்துப்பாட்டாகப் போடுகிறார். அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் அதே பத்துப் பேர், வியர்த்து ஓய்ந்து நிற்பார்கள். மண்டபத்தில் மீதி எல்லோரும் பந்திக்குப் போயிருப்பார்கள். நானும் முதல் இரண்டு வருடம் இதையேதான் செய்தேன்.

உங்கள் கண் போக வேண்டிய இடம் நாற்காலி வரிசை. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு காலால் தாளம் போடும் அத்தை, கதவோரம் நின்று ஒருத்தியை ஒருத்தி முன்னே தள்ளிவிடும் பெண்கள், கைகட்டி நின்றாலும் தலையசைக்கும் சித்தப்பா. இவர்கள் எந்தப் பாட்டுக்கு அசைகிறார்கள் என்று பாருங்கள். அடுத்த பாட்டு அதன் பக்கத்தில்தான் இருக்கிறது. பையன்கள் மோதிக்கொண்டு குதிக்கும் இடத்துக்குள் வீட்டுப் பெண்கள் வர மாட்டார்கள். இரண்டு வேகமான குத்துக்குப் பிறகு, எல்லோரும் சேர்ந்து பாடக்கூடிய தொண்ணூறுகளின் பாட்டு ஒன்றைப் போட்டால் நடுவில் கொஞ்சம் இடம் விடும். அந்த இடத்தில் அவர்கள் இறங்குவார்கள். பெண்கள் இறங்கிவிட்டால் மற்றவர்களை யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

1973-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் விருந்துகளுக்கு இசைத்தட்டு போடத் தொடங்கிய கூல் ஹெர்க் செய்ததும் இந்தக் கவனிப்புதான். குரலெல்லாம் அடங்கி டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளுக்காகவே ஆட வந்தவர்கள் காத்திருக்கிறார்கள் என்று அவர் கண்டுகொண்டார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி அந்த நொடிகளை நீட்டினார். ஹிப்ஹாப் அங்கிருந்து வளர்ந்தது.

அடுத்தது நேரம். கிளப்பில் நான்கு மணி நேரம் இருக்கும், மெதுவாக ஏற்றலாம். நம் ரிசப்ஷனில் மொய் கொடுத்து போட்டோ எடுக்கும் வரிசை முடியவே ஒன்பது ஆகிவிடும். திறந்த வெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. மூடிய மண்டபங்களிலும் பெரும்பாலும் பத்து மணிக்கு நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். ஆக, கையில் இருப்பது ஒரு மணி நேரம், சுமார் 25 பாட்டு. அதற்காக இந்த வருடத்தின் ஹிட் எல்லாவற்றையும் முதல் கால்மணி நேரத்தில் கொட்டிவிடாதீர்கள். மூன்று பாட்டுக்கு ஒன்று ஏற்றம், அப்புறம் ஒரு பாட்டு மூச்சு வாங்க. இந்தக் கணக்கு எனக்குச் சரியாக வருகிறது.

சினிமாப் பாட்டு நடன அரங்குக்காகச் செய்யப்பட்டதல்ல என்பதை மறந்துவிடுகிறோம். தளபதி (1991) படத்தின் 'ராக்கம்மா கையத் தட்டு' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப வயலினுக்கே மண்டபம் துள்ளும். நடுவில் 'குனித்த புருவமும்' என்ற அப்பரின் தேவாரம் வரும்போது தாளம் அடங்கிவிடும். கேட்க அவ்வளவு அழகு, ஆனால் ஆடிக்கொண்டிருப்பவர் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார். அதற்கு முன்பே வெளியேற ஒரு க்யூ பாயின்ட் (மென்பொருளில் பாட்டின் ஓர் இடத்தைக் குறித்து வைக்கும் அடையாளம்) போட்டு வைக்க வேண்டும். பொதுவாகப் பல்லவி, ஒரு சரணம், மறுபடி பல்லவி போதும். அதைவிடக் குறைத்து முப்பது நொடிக்கு ஒரு பாட்டு என்று மாற்றுவதும் தவறுதான். ஒரு பாட்டுக்குள் இறங்கி ஆட மனிதர்களுக்குக் கொஞ்ச நேரம் வேண்டும்.

தாளத்தில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். டப்பாங்குத்து பெரும்பாலும் ஆறு எண்ணிக்கையில் ஓடுவது. ஹவுஸ், ஈடிஎம் போன்ற எலக்ட்ரானிக் நடன இசையெல்லாம் நான்கு. லேப்டாப் மென்பொருள் எல்லாப் பாட்டையும் நான்காகவே எண்ணப் பார்ப்பதால், குத்துப்பாட்டுக்குச் சில சமயம் உண்மையான வேகத்தில் ஒன்றரை மடங்கைக் காட்டும். அந்த எண்ணை நம்பி, இரண்டு பாட்டின் வேகத்தையும் தானாகப் பொருத்தும் சிங்க் பட்டனை அழுத்தினால் இரண்டு பாட்டும் ஒன்றின் காலை ஒன்று மிதிக்கும். எண்பதுகளின் பாட்டுகளில் இன்னொரு சிக்கல்: வாத்தியக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்து வாசித்தவை என்பதால் வேகம் உள்ளுக்குள்ளேயே லேசாக ஏறி இறங்கும். இவற்றை நீளமாகக் கலக்க முயலாதீர்கள். முதல் பாட்டின் வரி முடியும் இடத்தில் எக்கோ கொடுத்து நிறுத்தி, அடுத்ததன் தவில் அல்லது பறை அடியில் நேராக நுழையுங்கள். வெட்டு சுத்தமாக இருந்தால் போதும், கூட்டம் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளும். வீடியோவிலிருந்து இறக்கிய மட்டமான ஃபைல்களைத் தவிர்த்துவிடுங்கள். பெரிய ஸ்பீக்கரில் அவை கரகரக்கும்.

வரிகளையும் கேளுங்கள். காதல் தோல்விப் பாட்டுக்குக் கல்லூரி விழாவில் தாளத்துக்காகவே ஆடுவார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் நிற்கும்போது, முன்வரிசைப் பாட்டிக்குத் தாளம் கேட்காது, சொல்தான் கேட்கும். ஒருமுறை அப்படி ஒரு பாட்டைப் போட்டுவிட்டேன். பெண்ணின் தாய்மாமா என் பக்கத்தில் வந்து, மெதுவாக, "தம்பி, இது நல்ல காரியம்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து ஒரு வாரம் முன்பே பொண்ணு வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் தனித்தனியாகப் போன் செய்து, போடக்கூடாத பாட்டுகளை முதலில் கேட்டு எழுதிக்கொள்கிறேன். ஒரு பக்கம் தெலுங்கோ மலையாளமோ பேசும் குடும்பமாக இருந்தால் அதுவும் அப்போதே தெரிந்துவிடும். ஈவென்ட் மேனேஜர் அனுப்பும் பட்டியலில் இதெல்லாம் இருக்காது.

அந்தப் போனிலேயே பொண்ணிடம் இன்னொன்றும் கேளுங்கள்: கடைசிப் பாட்டு எது? 9:50-க்கு இருவரையும் மேடையிலிருந்து கீழே அழைத்து, அவர் சொன்ன பாட்டை மட்டும் வெட்டாமல் முழுசாக ஓட விடுங்கள்.