பழைய மானிட்டர், புது லேப்டாப்: நடுவில் எந்த அடாப்டர்?

கடைக்குக் கிளம்பும் முன் மானிட்டரைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். நீல நிறத்தில், மூன்று வரிசையில் 15 துளைகள் இருந்தால் அது விஜிஏ. வெள்ளை நிறத்தில், அகலமாக, ஒரு ஓரத்தில் தட்டையான நீளத் துளையோடு இருந்தால் டிவிஐ. இரண்டும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், டிவிஐயில் மாட்டுங்கள். விஜிஏ 1987இல் வந்த அனலாக் முறை. லேப்டாப்பிலிருந்து டிஜிட்டலாகக் கிளம்பும் படத்தை அடாப்டர் அனலாகாக்கும். எல்சிடி மானிட்டர் அதை வாங்கி மறுபடி டிஜிட்டலாக்கும். இந்தப் போக்குவரத்தில் எழுத்துகளின் விளிம்பு மழுங்கும். டிவிஐயில் அந்தச் சுற்று இல்லை.

அடுத்து லேப்டாப். எச்டிஎம்ஐ போர்ட் இருந்தால் வேலை சுலபம். யுஎஸ்பி-சி மட்டும் இருந்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் எல்லா சி போர்ட்டும் படத்தை அனுப்பாது. சில போர்ட்டுகள் டேட்டாவுக்கும் சார்ஜுக்கும் மட்டும்தான். போர்ட்டின் பக்கத்தில் தண்டர்போல்ட் என்னும் அதிவேக இணைப்பின் மின்னல் குறியோ, எச்டிஎம்ஐ போலப் படம் அனுப்பும் இன்னொரு முறையான டிஸ்பிளேபோர்ட்டின் 'டி', 'பி' பின்னிய குறியோ இருந்தால் படம் வரும். எந்தக் குறியும் இல்லையென்றால் உங்கள் மாடலின் விவரப் பட்டியலில் 'டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோட்' என்ற சொல்லைத் தேடுங்கள். அது இல்லாத போர்ட்டில் எவ்வளவு விலை உயர்ந்த சாதாரண அடாப்டரைச் செருகினாலும் திரை கறுப்பாகவே இருக்கும். அந்த லேப்டாப்புக்கு டிரைவர் நிறுவி ஓடும் டிஸ்பிளேலிங்க் வகை அடாப்டர் ஒன்றுதான் வழி.

டிவிஐ மானிட்டருக்கு அதிகம் செலவில்லை. எச்டிஎம்ஐயும் டிவிஐயின் டிஜிட்டல் வகையான டிவிஐ-டியும் படத்தை ஒரே வகை மின்சைகையில் அனுப்புபவை. அதனால் ஒரு முனையில் எச்டிஎம்ஐ, மறுமுனையில் டிவிஐ உள்ள சாதாரணக் கேபிளே போதும், உள்ளே சிப் எதுவும் தேவையில்லை. யுஎஸ்பி-சியிலிருந்து என்றால் சி-டிவிஐ அடாப்டர் வாங்குங்கள். இந்த வழியில் 1920x1200 வரை 60 ஹெர்ட்ஸில் கிடைக்கும். சிக்கல் வருவது 2560x1600 அளவுள்ள பழைய 30 அங்குல மானிட்டர்களில். அவற்றுக்கு டூயல் லிங்க் டிவிஐ, அதாவது படத்தை இரட்டைப் பாதையில் அனுப்பும் டிவிஐ வேண்டும், எச்டிஎம்ஐ கேபிளில் முழு அளவு வராது. டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து டூயல் லிங்க் டிவிஐக்கு மாற்றும், தனியாக யுஎஸ்பி மின்சாரம் எடுக்கும், உள்ளே சிப் உள்ள 'ஆக்டிவ்' அடாப்டரைத் தேட வேண்டும். அதன் விலையைக் கேட்டதும் புது மானிட்டரே வாங்கலாமா என்று தோன்றும், அது தவறான எண்ணமும் அல்ல.

விஜிஏ மட்டும் உள்ள மானிட்டர்தான் பெரும்பாலான வீடுகளிலும் பழைய அலுவலகங்களிலும் கிடப்பது. இதற்குச் சிப் உள்ள மாற்றி கட்டாயம் வேண்டும். இங்கே பலர் பணத்தைத் தொலைப்பது திசையில். 'எச்டிஎம்ஐ டு விஜிஏ' வேறு, 'விஜிஏ டு எச்டிஎம்ஐ' வேறு. இரண்டாவது, பழைய கம்ப்யூட்டரைப் புது டிவியில் காட்டுவதற்கு. ஒன்றைத் திருப்பிப் போட்டு மற்றதாகப் பயன்படுத்த முடியாது. இரண்டு முனையிலும் பிளக் மட்டும் உள்ள, சிப் இல்லாத எச்டிஎம்ஐ-விஜிஏ கேபிளும் விற்கிறார்கள். லேப்டாப்பில் அது எதையும் காட்டாது.

லேப்டாப்பில் சி போர்ட்டும் எச்டிஎம்ஐயும் இருந்தால் எதிலிருந்தாவது ஒரே தாவலில் விஜிஏவுக்குப் போங்கள். சியிலிருந்து எச்டிஎம்ஐ, அதிலிருந்து விஜிஏ என்று இரண்டு அடாப்டரைக் கோத்தால் பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிடும். எச்டிஎம்ஐ போர்ட் தரும் மின்சாரம் மிகச் சொற்பம். படம் விட்டு விட்டு வந்தால், பக்கவாட்டில் மைக்ரோ யுஎஸ்பி துளை உள்ள மாற்றியை வாங்கி அதற்குத் தனி மின்சாரம் கொடுங்கள். லேப்டாப்பில் ஒரே ஒரு சி போர்ட்தான் என்றால், சார்ஜரையும் கூடவே செருக இடமுள்ள அடாப்டராகப் பாருங்கள்.

மாட்டுவதற்கு முன் விஜிஏ பிளக்கின் பின்களை வெளிச்சத்தில் பாருங்கள். 9ஆவது பின் இல்லாமல் பல கேபிள்கள் அப்படியே வரும், அது பழுதல்ல. வளைந்த பின் இருந்தால் கேபிளைக் கழற்றிய நிலையில், லெட் எடுத்த மைக்ரோ டிப் பென்சிலின் முனையை அதில் நுழைத்து மெல்ல நிமிர்த்துங்கள். பிளக்கைச் செருகி இரண்டு ஸ்க்ரூவையும் விரலால் மட்டும் முடுக்குங்கள். திருப்புளி போட்டு இறுக்கினால் அடுத்த முறை கழற்றும்போது மானிட்டரின் நட்டும் சேர்ந்து வந்துவிடும். பிறகு மானிட்டரை ஆன் செய்து, அதன் மெனுவில் இன்புட் எது என்று பார்த்து, கடைசியில் அடாப்டரை லேப்டாப்பில் செருகுங்கள். விண்டோஸில் விண்டோஸ் விசையையும் பி விசையையும் சேர்த்து அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' தேர்ந்தெடுங்கள்.

படம் வந்ததும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். அரைகுறைத் தெளிவுக்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான். எல்சிடி திரைக்கு ஒரே ஒரு இயல்பான அளவுதான் உண்டு. 15 அங்குலச் சதுரத் திரைக்குப் பெரும்பாலும் 1024x768, சதுர 17க்கும் 19க்கும் 1280x1024, அகலமான 19க்கு 1440x900 அல்லது 1366x768, 22க்கு 1680x1050. டிஸ்பிளே செட்டிங்ஸில் அந்த எண்ணையே வையுங்கள், ரெஃப்ரெஷ் ரேட் 60 ஹெர்ட்ஸ். விஜிஏ என்றால் அதன்பின் எழுத்து நிறைந்த வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரை முழுக்கத் திறந்துவைத்து மானிட்டரின் 'ஆட்டோ' பொத்தானை அழுத்துங்கள். கறுப்புப் பின்னணியில் அழுத்தினால் மானிட்டருக்குத் திரையின் ஓரம் எது என்றே தெரியாது, படம் ஒரு பக்கம் ஒதுங்கும். அதன்பிறகும் எழுத்து நடுங்கினால் மெனுவில் 'ஃபேஸ்' அளவை ஒவ்வொரு படியாக நகர்த்துங்கள். நடுக்கம் நிற்கும் இடத்தில் விட்டுவிடுங்கள்.

வேண்டிய அளவு பட்டியலிலேயே இல்லை, 1024x768க்கு மேல் போகவில்லை என்றால், மானிட்டர் தன்னைப் பற்றிச் சொல்லும் தகவல் லேப்டாப்புக்குப் போய்ச் சேரவில்லை. விஜிஏவில் அந்தப் பேச்சு 12, 15 ஆகிய பின்கள் வழியாக நடக்கிறது. மலிவுக் கேபிளில் அந்தக் கம்பிகளே இல்லாமல் இருக்கலாம். முதலில் கேபிளை மாற்றுங்கள், பிறகு அடாப்டரைச் சந்தேகியுங்கள்.

திரை முழுக்க மஞ்சள் படர்ந்தால் நீலக் கம்பி தொடவில்லை. ஊதாச் சிவப்பு என்றால் பச்சை போயிற்று, நீலப்பச்சை என்றால் சிவப்பு. பின் எண்கள் வரிசைப்படி 3, 2, 1. எழுத்துக்குப் பின்னால் நிழல் விழுந்தால் கேபிள் நீளம் காரணமாக இருக்கலாம், 1.5 மீட்டர் கேபிளைப் போட்டுப் பாருங்கள். 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று வந்தால் மானிட்டர் தாங்காத அளவையோ ஹெர்ட்ஸையோ அனுப்புகிறீர்கள். லேப்டாப் திரையில் இருந்தபடி 60 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள்.

எச்டிஎம்ஐ வழியாகப் போகும்போது கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் கிராஃபிக்ஸ் செட்டிங்ஸில் ஆர்ஜிபி ரேஞ்சை 'லிமிடெட்'டிலிருந்து 'ஃபுல்' ஆக்குங்கள். அடாப்டரைச் செருகியதும் லேப்டாப்பில் சத்தம் நின்றுபோனால் பயப்பட வேண்டாம். 3.5 மில்லிமீட்டர் ஆடியோ துளை உள்ள மாற்றிகள் தம்மை ஸ்பீக்கராக அறிவித்துக்கொள்ளும், சவுண்ட் அவுட்புட்டில் லேப்டாப் ஸ்பீக்கரைத் திரும்பத் தேர்ந்தெடுத்தால் சரியாகும்.

ஒன்றை மட்டும் எந்தக் கேபிளாலும் சரிசெய்ய முடியாது. விஜிஏவில் எச்டிசிபி என்னும் நகல் பாதுகாப்பு கிடையாது. கட்டணத் தளங்களின் படங்கள் அந்தத் திரையில் கறுப்பாகவோ தரம் குறைந்தோ வரலாம். படத்தை லேப்டாப் திரையில் ஓடவிட்டு, எழுத்து வேலையைப் பழைய மானிட்டரில் வைத்துக்கொள்ளுங்கள்.